மீதி ஊசி எங்கே?

பிணம் அழுதது!

கத்தியை நெஞ்சுக்கு நேராகக் கொண்டுபோன டாக்டர் அனுசுயாவின் கை அந்தரத்தில் நின்றது.

மேஜையில் கிடந்தவளின் இடது கண்ணோரம் ஒரு சொட்டுத் தண்ணீர். அது மெல்ல இறங்கிக் காதுக்குள் போனது.

"முனீஸ்..."

"சொல்லுங்க டாக்டரம்மா." பிணவறை உதவியாளன் முனீஸ் வாளியோடு திரும்பினான்.

"இது கிணத்துத் தண்ணியா இருக்குமா?"

"அந்தக் கெணத்துல ஏது டாக்டரம்மா தண்ணி? காங்கேயம் ரோட்டுல தென்னந்தோப்புக் கெணறு. வத்திப் பல வருசமாச்சு. வெறும் சேறு!"

எட்டிப் பார்த்தான். வாளி கை நழுவித் தரையில் உருண்டது.

"ஆத்தாடீ... இன்னொரு சொட்டு வருதே!"

அனுசுயா கத்தியை வீசிவிட்டுக் கழுத்தில் இரண்டு விரல் வைத்தாள். ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

டொக்.

நீண்ட இடைவெளி.

டொக்!

"உசுரு இருக்கு முனீஸ்... இவ சாகல!"

மூன்று மேஜைகள் போட்ட அறை அது. முதல் மேஜையில் ராமுத்தாய். வயது பத்தொன்பது. அவள் செத்துப் போனதில் எந்தச் சந்தேகமும் இல்லை. கொஞ்சம் முன்னால்தான் அனுசுயா அவளை அறுத்துத் தைத்து முடித்திருந்தாள். இரண்டாவது மேஜையில் இவள், அவளுடைய ரூம்மேட் ஒச்சம்மாள். மூன்றாவது மேஜை காலி.

காலையில் தோப்புக்காரர்கள் கிணற்றிலிருந்து இரண்டு பேரையும் கயிறு கட்டித் தூக்கினார்கள். இரண்டு பிணம் என்று ஆம்புலன்ஸ் கொண்டுவந்து இறக்கிவிட்டது. நாடி பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கம்பெனி ஹாஸ்டல் பெண்கள்தானே!

அனுசுயாவின் செல்போன் அலறியது.

திரையில் மகுடேஸ்வரன் என்று பெயர் மின்னியது. பனியன் கம்பெனி முதலாளி. ராமுத்தாயும் ஒச்சம்மாளும் வேலை பார்த்த அதே கம்பெனி!

எடுத்தாள்.

"வணக்கமுங்க டாக்டர் அம்மிணி. சாப்பிட்டீங்களா?" குரலில் வெல்லப்பாகு வழிந்தது.

"இன்னும் இல்லீங்க."

"அட, நேரத்துக்குச் சாப்பிடோணுமுங்க. அந்த ரெண்டு புள்ளைங்க சங்கதி கேக்கத்தான் போன் பண்ணுனேன். பாவமுங்க. வேலைய விட்டு நின்னு பத்து நாளாச்சு. நமக்கும் அதுகளுக்கும் சம்பந்தமே இல்லீங்க. இருந்தாலும் மனசு கேக்கல பாருங்க."

"ம்."

"ரெண்டும்... முடிஞ்சு போச்சுங்களா?"

அனுசுயா மேஜையைப் பார்த்தாள். ஒச்சம்மாளின் உதடு லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது.

அந்த ஒரு கணத்தில் அவள் ஒரு முடிவெடுத்தாள். மருத்துவக் கல்லூரியில் யாரும் சொல்லித் தராத முடிவு.

"முடிஞ்சு போச்சுங்க. ரெண்டு பேருமே செத்துட்டாங்க!"

போனை வைத்ததும் முனீஸ் திகைத்துப் போய்க் கேட்டான்.

"ஏன் டாக்டரம்மா அப்படிச் சொன்னீக? மேல வார்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவோமே?"

"போன மாசம் காளியாத்தாள்னு ஒரு பொண்ணை வார்டுக்குத் தூக்கிட்டுத்தானே போனோம்? முதுகு பூரா பெல்ட் அடி. நாளைக்கு வாக்குமூலம் குடுக்குறேன்னு சொன்னா. அன்னிக்கே சித்தப்பான்னு ஒருத்தன் வந்து கூட்டிட்டுப் போனான். அப்புறம் எங்க கிடைச்சா?"

முனீஸ் தலை குனிந்தான். "தண்டவாளத்துல."

"இப்பவும் கேட்டுல அதே கம்பெனி ஆளுங்க ரெண்டு பேரு நிக்கிறாங்க, பார்த்தியா? இந்த ஆஸ்பத்திரியில அவங்க எட்டிப் பார்க்காத ஒரே ரூம் இதுதான். குளுக்கோஸ் கொண்டா. கம்பளி கொண்டா. ஓடு!"

அனுசுயாவைப் பற்றி ஒரு வார்த்தை. இதே ஊர் ராயபுரத்து லைன் வீட்டில் வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் உசிலம்பட்டிப் பக்கமிருந்து பனியன் கம்பெனிக்குப் பிழைக்க வந்தவர்கள். இந்தத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். ஹாஸ்டல் பெண்கள் காயத்தோடு வந்தால், படியில் வழுக்கி விழுந்தாள் என்று எழுதமாட்டாள். பெல்ட் என்றால் பெல்ட் என்று எழுதுவாள். எழுதி மனித உரிமை ஆணையத்துக்கும் ஒரு காப்பி அனுப்பிவிடுவாள். அதற்காக இரண்டு முறை ஸ்கூட்டர் டயரைக் கிழித்தார்கள். ஒரு முறை ஸ்கூட்டரையே கொளுத்தினார்கள். அவள் பஸ்ஸில் வர ஆரம்பித்தாள்!

சொட்டுச் சொட்டாக குளுக்கோஸ் இறங்கியது. ஒச்சம்மாளின் கண் திறந்தது.

"கத்தாத. நான் டாக்டர். உன்னை யாரும் தொடமாட்டாங்க."

"ராமுத்தாய்...?"

அனுசுயா பக்கத்து மேஜையை மறைத்தபடி நின்றாள். ஒச்சம்மாளுக்குப் புரிந்துவிட்டது.

"யாரு கண்ணு அவளை அடிச்சது?"

"மொதலாளிதான்க்கா..." மூச்சு வாங்கியது. "நேத்து மத்தியானம் தைக்கையில அவ வெரல்ல ஊசி எறங்கி ஒடஞ்சுபோச்சு. ஊசி ஒடஞ்சா எல்லாத் துண்டையும் சேத்து ஒட்டிக் குடுக்கணும். ஒரு துண்டு கொறஞ்சாலும் அந்த லாட்டுச் சரக்கு பூராவும் நிறுத்திப்புடுவாக. வெளிநாட்டுக்காரன் சட்டம். துணியில கெடந்து ஏதாச்சும் புள்ளைய குத்திப்புடுமாம்."

"சரி..."

"முனை கெடைக்கல. அது என் வெரலுக்குள்ளதான் இருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கெஞ்சுனா. அந்த டாக்டரு எழுதிப்புடுவா, அங்க போகக் கூடாதுன்னுட்டாரு. கட்டிங் பிளேயரு எடுத்துட்டு வந்து அவரே..."

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. ராமுத்தாயின் வலது ஆட்காட்டி விரலில் நகம் இல்லாததை அனுசுயா பார்த்திருந்தாள். மேலிருந்து கிழித்தவனுக்கு ஊசி கிடைக்கவில்லை. அது இன்னும் உள்ளே, எலும்பை ஒட்டி இருந்தது. இடுக்கியால் எடுத்துச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டிருந்தாள்.

"வலி தாங்காம அவரு கையக் கடிச்சா. அவ்வளவுதான்க்கா. அயன் டேபிள்ல தலைய மோதி மோதி... நான் பார்த்துட்டேன். அதுக்குத்தான் என்னையும் கெணத்துல தூக்கிப் போட்டாக. ராமுத்தாய் மேல விழுந்தேன். அதான் பொழச்சேன்."

அனுசுயா குப்பியைப் பார்த்தாள். அந்த டாக்டர் எழுதிவிடுவாள்! தான் நேர்மையாக எழுதியதற்கு ஒரு பெண்ணின் நகத்தை விலையாக வாங்கியிருக்கிறார்கள். அழவும் நேரமில்லை. மாஜிஸ்திரேட் தரணிக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

மறுமுனையில் தரணியின் குரல் தணிந்தது.

"டாக்டர்... நான் வந்து வாக்குமூலம் வாங்குற வரைக்கும் அந்தப் பொண்ணு பொணமாவே இருக்கட்டுமுங்க!"

*

சாயங்கால வெயில் ஜன்னலில் சரிந்துகொண்டிருந்தபோது முனீஸ் தலைதெறிக்க ஓடி வந்தான்.

"டாக்டரம்மா! வெள்ளைக் காரு! மொதலாளி எறங்கி இங்கனதான் வாராரு!"

அனுசுயா அவனை வெளியே அனுப்பிவிட்டுப் பரபரவென்று ஒச்சம்மாளின் கையிலிருந்து குளுக்கோஸ் குழாயைப் பிடுங்கினாள். கம்பளியை உருவிப் பீரோவுக்குள் திணித்தாள். காதோரம் குனிந்தாள்.

"ஒச்சம்மா... மூச்சை ரொம்ப மெதுவா விடு. என்ன நடந்தாலும் அசையாதே. அசைஞ்சா நீயும் செத்த, நானும் செத்தேன்!"

மூன்று மேஜைகள். மூன்று வெள்ளைத் துணிகள். துணிகளை இழுத்துச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தாள்.

மகுடேஸ்வரன் வாசலில் நின்றார்.

வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. ஒரு கையில் ஆப்பிள் பை. இன்னொரு கையில்... மணிக்கட்டுக்கு மேல் புது பேண்டேஜ்!

அவர் பின்னால் வந்த இரண்டு தடியன்கள் வெளியே நின்றுகொண்டார்கள். கதவு சாத்தப்பட்டது.

"வணக்கமுங்க அம்மிணி. சாப்பிடலைன்னீங்களே, அதான் பழம்." பையை மேஜையில், ராமுத்தாயின் கால்மாட்டில் வைத்தார். "ஏனுங்க, ரெண்டுன்னாங்க. மூணு இருக்குது?"

"அது பஸ் ஸ்டாண்டுல கிடந்த அனாதைப் பிணமுங்க. சொந்தக்காரங்க வரல."

"பாவமுங்க." கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஒரு தடவ மூஞ்சியப் பாத்துட்டுப் போயர்றனுங்க. நம்ம கம்பெனிச் சோறு தின்ன புள்ளைங்க."

அனுசுயா தடுப்பதற்குள் முதல் துணியை விலக்கினார்.

"கண்ணு ராமுத்தாயி..." உச்சுக் கொட்டினார். மூடினார்.

இரண்டாவது துணியை விலக்கினார்.

பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

அனுசுயா மேஜையை ஒட்டி நகர்ந்தாள்.

"டாக்டருங்க..."

"சொல்லுங்க."

"இந்தப் புள்ளைக்கு நெறம் இன்னும் மாறவே இல்லீங்களே?"

"சேத்துக்குள்ள கிடந்த உடம்புங்க. அப்படித்தான் இருக்கும்."

"அப்படீங்களா..."

ட்ரேயிலிருந்து ஒரு ஊசியை எடுத்தார். இன்ஜெக்‌ஷன் ஊசி. ஒச்சம்மாளின் கையைத் துணிக்கு வெளியே இழுத்தார். கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு...

நகக்கண்ணில் செருகினார்!

நிதானமாக. ஒரு சுற்றுத் திருகி.

அனுசுயா உதட்டைக் கடித்தாள். ரத்தம் உப்புக்கரித்தது. கத்திவிடலாமா? கத்தியை எடுத்து இந்த ஆளின் கழுத்தில் இறக்கிவிடலாமா?

ஒச்சம்மாள் அசையவில்லை.

இமை அசையவில்லை. விரல் மடங்கவில்லை. மூச்சு... இருந்ததா இல்லையா என்று அனுசுயாவுக்கே தெரியவில்லை.

மகுடேஸ்வரன் ஊசியை உருவி ட்ரேயில் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் இருந்த இறுக்கம் போய்விட்டது.

"செரிங்க. செத்துத்தான் போச்சு!"

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சொந்தத் தோட்டத்தில் உட்கார்ந்திருப்பவரைப் போலக் காலை ஆட்டினார்.

"என்னன்னு எழுதப் போறீங்க அம்மிணி?"

"நீங்களே சொல்லுங்களேன்."

அவர் புருவம் உயர்ந்தது. "என்ன, இன்னைக்கு வழிக்கு வந்துட்டீங்க?"

"எத்தனை நாள்தான் பஸ்ஸுல வர்றதுங்க? எனக்கும் கால் வலிக்குது."

மகுடேஸ்வரன் மேஜையைத் தட்டிச் சிரித்தார். பிணவறை முழுக்க அந்தச் சிரிப்பு மோதியது.

"இதத்தானுங்க நான் மொதல்லருந்தே சொன்னேன்! கார் நாளைக்கே உங்க ஊட்டு வாசல்ல நிக்கும். தோப்புல வெளையாடப் போச்சுங்க, கெணத்துல தவறி விழுந்துருச்சுங்கன்னு எழுதிப்போடுங்க. முடிஞ்சுது!"

"எழுதிடலாம். ஒரே ஒரு சின்னச் சிக்கலுங்க."

"என்னங்க?"

"ராமுத்தாய் விரலுக்குள்ள ஒரு ஊசி முனை இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். மகுடேஸ்வரன் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவர் முகத்தில் பயம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள் அனுசுயா.

வந்தது... சந்தோஷம்!

"கெடச்சுருச்சுங்களா?! அட என்ற முருகா! எங்கீங்க? எங்கீங்க அது?"

குப்பியை நீட்டினாள்.

"நேத்துல இருந்து தூங்கலீங்க! இந்தத் தம்மாத்துண்டு முனைக்காகத் தரையெல்லாம் கூட்டி, மெஷினைப் பிரிச்சு, தைச்ச பீஸையெல்லாம் மெட்டல் டிடெக்டர்ல விட்டு விட்டுப் பாக்கறோம். தூத்துக்குடிக்குப் போற கண்டெய்னர் வாசல்ல நிக்குது! நாளைக்கு வெள்ளக்காரன் ஆடிட்டுக்கு வர்றான். மீதி ஊசி எங்கேன்னுதான் மொதல்ல கேப்பான்!"

பேசிக்கொண்டே சட்டைப் பையில் கை விட்டார். பாலிதீன் கவர். அதற்குள் ஒரு துண்டு அட்டை. அட்டையில் செலோடேப் போட்டு ஒட்டிய... பாதி ஊசி!

ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். குப்பியிலிருந்த முனையை விரல் நுனியால் எடுத்து, உடைந்த இடத்தோடு உடைந்த இடத்தை வைத்தார். அதில் காய்ந்திருந்த ரத்தம் அவர் கண்ணில் படவே இல்லை.

"பாருங்க! பாருங்க அம்மிணி! கச்சிதமாச் சேருது! துளி கூடக் கொறையல! என்ற லாட்டு தப்பிச்சுது!"

"ரொம்பச் சந்தோஷமுங்க." அனுசுயாவின் குரல் சட்டென்று மாறியது. "பத்து நாளைக்கு முன்னால வேலைய விட்டு நின்ன பொண்ணு. அவ விரல்ல, நேத்து உடைஞ்ச உங்க ஊசி எப்படிங்க வந்துச்சு?"

மகுடேஸ்வரனின் கை நின்றது.

சிரிப்பு நின்றது.

"ஓ..." என்றார் மெதுவாக. "அப்படி வர்றீங்களா?"

"அப்படித்தான் வர்றேன். அந்தக் கைக்கட்டைப் பிரிச்சா ராமுத்தாயோட பல்லு அச்சு இருக்கும். அதையும் பார்த்துடலாமா?"

அவர் ஊசியைப் பத்திரமாகப் பாலிதீன் கவரில் போட்டார். அந்த நேரத்திலும் அது தொலைந்துவிடக் கூடாது! ட்ரேயிலிருந்த கத்தியைக் கையில் எடுத்தார்.

"டாக்டருக்கு மூளை சாஸ்திங்க. இந்த ஊசி இனி கம்பெனியை வுட்டு வெளியே போகாது. நான் பேசுனதைக் கேட்டது ஆரு? நீங்க ஒருத்தர். மூணு பொணம். நாலாவதா நீங்களும் படுத்துட்டா?" ஒரு அடி முன்னே வைத்தார். "ஆமாங்க, நான்தான் கொன்னேன். ஊசிய வெரலுக்குள்ள வெச்சுக்கிட்டு என்ற கண்டெய்னரை நிறுத்தப் பாத்தா, வுட்டுருவனுங்களா? பொணம் சாட்சி சொல்லுமுங்களா?"

"சொல்லுவேன்டா!"

இரண்டாவது மேஜையில் வெள்ளைத் துணி சரிந்தது. ஒச்சம்மாள் எழுந்து உட்கார்ந்தாள்!

மகுடேஸ்வரனின் வாய் பிளந்தது. ஆனால் தொழில் நடத்துகிற ஆள் இல்லையா? ஒரே நொடியில் சுதாரித்துக்கொண்டார்.

"நல்லதாப் போச்சுங்க. இன்னொருக்காக் கொல்லலாம். இந்த அன்னாடங்காச்சி சொன்னா எந்தக் கோர்ட்டுங்க நம்பும்?"

"என் கோர்ட் நம்புமுங்க!"

குரல் மூன்றாவது மேஜையிலிருந்து வந்தது.

அனாதைப் பிணம் துணியை விலக்கிக்கொண்டு எழுந்தது! கறுப்புக் கோட்டு கசங்கியிருந்தது. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. கையில் செல்போன் ஓடிக்கொண்டிருந்தது. மகுடேஸ்வரன் பேசிய அத்தனையும் அதற்குள் இருந்தது.

"மாஜிஸ்திரேட் தரணிங்க. வாக்குமூலம் எழுதி முடிக்கவும் உங்க கார் வரவும் சரியா இருந்துச்சு. ஒளியறதுக்கு வேற இடம் இல்லீங்க. ஏனுங்க டாக்டர், மேஜை இப்படிச் சில்லுன்னு இருக்குதே, பொணத்துக்கெல்லாம் ஜலதோஷம் புடிக்காதுங்களா?"

மகுடேஸ்வரன் கதவுக்குப் பாய்ந்தார். திறந்தார்.

வெளியே அவருடைய இரண்டு தடியன்கள் சுவரோடு சுவராக, விலங்கு மாட்டி நின்றார்கள். மாஜிஸ்திரேட்டோடு ஆம்புலன்ஸில் வந்து அதற்குள்ளேயே பதுங்கியிருந்த ஆயுதப்படைக் காவலர்கள் ஆறு பேர் உள்ளே நுழைந்தார்கள். கத்தி தரையில் விழுந்தது.

அனுசுயா அதையெல்லாம் பார்க்கவில்லை. ஒச்சம்மாளின் கட்டைவிரலைக் கையில் ஏந்திப் பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எப்படிம்மா... எப்படி அசையாம இருந்த? நகக்கண்ணுல ஊசி! எனக்கே உசுரு போயிருச்சே!"

ஒச்சம்மாள் அவளை வினோதமாகப் பார்த்தாள். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது போல.

"கம்பெனியில வாரத்துக்கு ரெண்டு தடவையாச்சும் ஏறும்க்கா. கத்துனா லைன் நின்னுரும்னு மொதலாளி கன்னத்துலேயே போடுவாரு. ஊசி ஏறுனா சத்தம் போடக் கூடாது, மூஞ்சியச் சுளிக்கக் கூடாது. அவருதான் பழக்கி வச்சாரு."

அனுசுயாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஒச்சம்மாளின் தலையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, வேலைக்கு வந்த இத்தனை வருஷத்தில் முதன்முறையாகப் பிணவறையில் அழுதாள்.

*

கைது செய்த ஆளை ரிமாண்டுக்கு அனுப்புமுன் டாக்டர் பரிசோதிக்க வேண்டும். உடம்பில் காயம் உண்டா இல்லையா என்று எழுத வேண்டும். அன்றைக்கு டியூட்டி டாக்டர் யார்?

சட்டையைக் கழற்றிவிட்டு மகுடேஸ்வரன் அவள் முன்னால் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டுக்கு மேல் ஆறு பல்லின் அச்சு. அதை அளந்து, போட்டோ எடுத்து முடித்தாள் அனுசுயா.

வேறு ஒரு கீறல் இல்லை. நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு.

"டாக்டருங்க..." குரல் கம்மியது. வெல்லப்பாகு தீர்ந்துவிட்டது. "லாக்கப்புல... இவங்க என்னை அடிப்பாங்களாங்க?"

"தெரியலீங்க."

"அடிச்சா... எனக்குச் சக்கரை வியாதிங்க, தாங்காதுங்க... அடிச்சா நீங்க எழுதுவீங்களாங்க? அந்த... மனித உரிமைக்கு அனுப்புவீங்களாமே?"

கதவோரம் நின்ற காவலர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அனுசுயா அந்த ஆளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அருவருப்பு தொண்டை வரை வந்தது. விழுங்கினாள்.

"எழுதுவேன். போகும்போது ஒரு தடவை பார்ப்பேன், திரும்பி வரும்போது ஒரு தடவை பார்ப்பேன். லத்தின்னா லத்தின்னு எழுதுவேன். உங்க மேல யாரும் கை வைக்க முடியாது."

மகுடேஸ்வரன் இரண்டு கையையும் கூப்பினார். கண்ணில் நீர் முட்டியது. "தெய்வமுங்க நீங்க... தெய்வமுங்க!"

இதைப் பார்த்துக்கொண்டிருந்த முனீஸுக்குப் பொறுக்கவில்லை. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு வந்தான்.

"டாக்டரம்மா... ஒரே ஒரு அறை. ஒண்ணே ஒண்ணு! நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

அனுசுயா பேனாவை இரண்டு தடவை உதறிப் பார்த்தாள்.

"கையக் கீழ இறக்கு முனீஸ். நீ அறைஞ்சா அதையும் நான்தான் எழுதணும்... ரீஃபில் தீர்ந்துபோச்சு!"